அலை முடியை நனைத்து வெட்டாதீர்கள்

ஆசிரியருக்கு,

பார்லர்களில் அலை முடியை நனைத்து, இழுத்துப் பிடித்துப் புருவ அளவில் ஃப்ரிஞ்ச் (நெற்றியில் விழும் முன்முடி) வெட்டிவிடுகிறார்கள். காய்ந்ததும் சுருண்டு மேலேறி, பாதி நெற்றியில் நிற்கிறது. உலர்ந்த முடியில், மூக்கு நுனிவரை நீளம் விட்டு, கத்தரியை நிமிர்த்திப் பிடித்து நுனிகளை மட்டும் கொத்தி வெட்டச் சொல்லுங்கள். ராமேஸ்வரம், கீழக்கரை ஈரக்காற்றுக்கு நடுவகிடு எடுத்து ஒதுக்கும் நீள ஃப்ரிஞ்சே தாங்கும். நேர்க்கோட்டுக் கட், அயர்ன் செய்தாலும் மதியத்துக்குள் புஸ்ஸென்று எழும்பிவிடும்.

தலைக்குக் குளித்ததும் முன்முடியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், அதுதான் சீக்கிரம் காயும். ஈரத்திலேயே பட்டாணி அளவு ஜெல் தடவி, விரலால் இருபக்கமும் ஒதுக்கிவிட்டுக் காயும்வரை தொடக்கூடாது. காய்ந்தபின் சீப்பு போட்டால் அலை கலைந்து பறக்கும். போர் தண்ணீர் உப்பென்றால் கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றலாம். குடம் காசுக்கு வாங்கும் ஊரில் அதற்கு மேல் சொல்ல மனம் வரவில்லை.

- வாசகி, கீழக்கரை