உடன்குடிப் பக்கத்து அண்ணாச்சிக்கு நன்றி

நெல்லையிலிருந்து நானும் மனைவியும் பைக்கில் மணப்பாடு கிளம்பினோம், வழியில் கருப்பட்டி காய்ச்சும் ஓலைக் குடிசைகளான விடிலிகளைப் பார்த்துக்கொண்டே. தேரிக்காட்டுச் செம்மண் பக்கம் டயர் பஞ்சர். ஏப்ரல் வெயில், கடை கண்ணி ஒன்றும் இல்லை.

சைக்கிளில் போன பனையேறி அண்ணாச்சி ஒருவர் நின்றார். வண்டியைத் தன் விடிலி வரை தள்ளிவந்து, போன் போட்டு மெக்கானிக்கை வரவழைத்தார். அதுவரை ஓலைப் பட்டையில் பதநீர். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தது. தடவாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். மதினி பாகைப் பதம் பார்த்துச் சிரட்டைகளில் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த வாசம் இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

காசு நீட்டினேன். “தங்கச்சி குடிச்சதுக்குத் துட்டா?” என்றார். அவர் நெஞ்சிலும் முழங்கையிலும் மரம் உரசிய காய்ப்பு.

பெயர் கேட்காமல் வந்துவிட்டோம் அண்ணாச்சி. நீங்கள் தந்த கருப்பட்டியில்தான் இன்றும் எங்கள் காலைக் காப்பி.