தோற்பது வாத்தியார் வேலை

நூரம்பெர்க்,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. இடது கட்டைவிரல் வீங்கிக் கிடந்தது, எழுத முடியவில்லை என்று சொல்லலாம். நீ நம்ப மாட்டாய். வீங்கியது உண்மைதான், ஆனால் அது நான்கே நாளில் சரியாகிவிட்டது. மிச்சமெல்லாம் சோம்பல்.

உன் சிஷ்யையின் மிருதங்க அரங்கேற்றப் பதிவை இரண்டு தடவை பார்த்தேன். தனி ஆவர்த்தனத்தில் அவள் கோர்வையை முடித்துச் சமத்துக்கு வந்து விழுந்த இடத்தில் உன் முகம் கேமராவில் சிக்கியிருக்கிறது. பெற்றவர்களைவிட உனக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கிறது. முழங்கால் வலிக்கு மருத்துவரிடம் போனாயா இல்லையா, அதை மட்டும் ஏன் எழுதவில்லை?

உன் கேள்விக்கு வருகிறேன். "ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன் வாள்வீச்சைச் சொல்லிக் கொடுக்க ஒரு தமிழன், அவனும் ஜப்பானில் வாள் பிடித்தவன், இது என்ன கூத்து?" என்று கேட்டிருந்தாய். என் மனைவியும் இதைத்தான் கேட்கிறாள், இன்னும் கொஞ்சம் கடுமையாக.

கூத்துதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் பதினான்கு பேர் கூடுகிறோம். 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் நீளவாள் பழகுகிறோம். இரண்டு கையால் பிடிக்கிற வாள். நாங்கள் வைத்திருப்பது 'ஃபெடர்' என்கிற மழுங்கிய பயிற்சி வாள், ஒன்றரைக் கிலோ இருக்கும். பழைய ஐரோப்பிய வாளெல்லாம் பத்துக் கிலோ, தூக்கினாலே தோள் இறங்கிவிடும் என்று நாம் ஹாஸ்டலில் பேசிக்கொண்டது சுத்தப் பொய்.

இதில் சிக்கல் என்னவென்றால் பாடாந்தரம் அறுந்துபோன வித்தை இது. இதற்கென்று சங்கங்களே இருந்தன. பிராங்க்பர்ட்டின் மார்க்ஸ்புரூடர் சங்கத்துக்கு 1487இல் பேரரசர் மூன்றாம் பிரெடெரிக்கே உரிமைப் பட்டயம் கொடுத்தார். ஆனால் காலப்போக்கில் எல்லாம் அழிந்து, கையிலிருந்து கைக்கு வந்த பாடம் நின்றுவிட்டது. மிஞ்சியது சுவடிகள்தான். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த யோஹன்னஸ் லீக்டெனாவர் என்கிற ஆசான் வித்தை முழுவதையும் செய்யுளாகக் கட்டி வைத்தார், அதுவும் வெளியாருக்குப் புரியக்கூடாது என்று மறைபொருளாக. நம் சித்தர் பாடலின் பரிபாஷைதான். பின்னால் வந்தவர்கள் உரை எழுதியதால் நாங்கள் பிழைத்தோம். அந்த மரபின் பழைய சுவடிகளில் ஒன்று இதே ஊர் ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே ஏட்டுக்குள் மருந்துக் குறிப்பும் ரசவாதமும் கலந்து கிடக்கின்றன. சித்தர் என்று சும்மா சொல்லவில்லை.

ஜப்பானில், நகோயாவில், நான் கெண்டோ என்கிற மூங்கில் வாள்வீச்சுப் பழகிய ஆறு வருஷமும் இதற்கு நேரெதிர். அங்கே வாத்தியார், அவருடைய வாத்தியார், அவருக்கும் வாத்தியார் என்று சங்கிலி அறுபடாமல் போகும். அதனால் இங்கே வந்ததும் எனக்கு ஒரு திமிர். புத்தகத்தைப் பார்த்துத் தடவிக்கொண்டிருக்கிறார்கள், நான் உயிரோடு இருக்கிற வித்தையைக் கற்றவன், ஓட்டைகளை நான் அடைத்துக் கொடுக்கிறேன் என்று நினைத்தேன். அடைத்தேன், தப்புத் தப்பாக.

முதல் தப்பு காலில். கெண்டோவில் வலது கால்தான் அநேகமாக எப்போதும் முன்னால். அடித்தாலும் அதே கால் முன்னே பாயும், பின்கால் இழுத்துக்கொண்டு வரும். ஆறு வருஷம் தேய்த்த கால் சொன்னபடி கேட்குமா? வகுப்பில் நான் நிற்பதைப் பார்த்து எல்லாரும் அப்படியே நிற்க ஆரம்பித்துவிட்டார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு பெண், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவள், உரையை நீட்டிக் காட்டினாள். வலப்பக்கத்திலிருந்து வெட்டுவதென்றால் இடது கால் முன்னால் இருக்கவேண்டும், வெட்டோடு வலது கால் தாண்டி வரவேண்டும், வராவிட்டால் அந்த வெட்டு பொய் வெட்டு என்று போட்டிருக்கிறது. நான் அந்தப் பத்தியைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். கண் படித்தது, கால் படிக்கவில்லை.

இரண்டாவது, வாளின் முதுகு. ஜப்பானிய வாளான கத்தானாவுக்கு ஒரு பக்கம்தான் கூர். ஐரோப்பிய நீளவாளுக்கு இரு பக்கமும். லீக்டெனாவர் சொல்லும் ஐந்து முக்கிய வெட்டுகளில் ஸ்வெர்ஹாவ் என்று ஒன்று உண்டு. தலைக்கு மேலே படுக்கைவாட்டில், கட்டைவிரலை வாளின் தட்டையான பக்கத்தில் வைத்து, பின்கூரால் அடிக்கிற வெட்டு. கெண்டோ பழகிய கைக்குப் பின்கூர் என்ற ஒன்றே கிடையாது, அது வெறும் முதுகு. நான் அந்த வெட்டைப் போட்டால் கை நடுவழியில் யோசிக்கும். அந்த யோசனைக்குள் எதிராளி என் தலையில் தட்டிவிட்டுப் போய்விடுவான்.

மூன்றாவது, வாளும் வாளும் தொடும் இடம். கெண்டோவின் மூங்கில் ஷினாய் அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூட. அடித்ததும் எதிராளியைக் கடந்து ஓடிவிடலாம். இங்கே இரும்பும் இரும்பும் ஒட்டி நிற்கும்போதுதான் ஆட்டமே ஆரம்பம். அவன் அழுத்துகிறானா, தளர்த்துகிறானா என்று வாள் வழியாகவே கண்டுபிடிக்க வேண்டும். 'ஃப்யூலன்' என்பார்கள், உணர்தல். உனக்கு விளக்க வேண்டியதில்லை. மிருதங்கத் தோலில் விரல் வைத்த மாத்திரத்தில், நடுவில் அப்பிய சாதம் காய்ந்துவிட்டது என்று சொல்கிற ஆள் நீ.

அப்புறம் சொற்களைப் பொருத்துகிற வியாதி. லீக்டெனாவர் மரபில் 'ஃபோர்', 'நாக்', 'இன்டெஸ்' என்று மூன்று: முன், பின், அந்த நொடிக்குள். ஜப்பானில் 'சென்' என்று முன்கையெடுப்பைப் பல வகையாகப் பிரிப்பார்கள். ஒரு வருஷம் முழுக்க இதுதான் அது, அதுதான் இது என்று கரும்பலகையில் கோடு போட்டு இணைத்துக் காட்டினேன். இப்போது அந்தக் கோட்டை அழித்துவிட்டேன். சென் பெரும்பாலும் எதிராளியின் எண்ணத்தைப் படிப்பது பற்றியது. இன்டெஸ் பெரும்பாலும் ஒட்டி நிற்கும் வாளைப் படிப்பது பற்றியது. சொந்தக்காரர்கள்தான், ஒரே வீட்டுக்காரர்கள் இல்லை.

இவ்வளவும் படித்துவிட்டு, அப்படியானால் ஜப்பானிலிருந்து என்னதான் கொண்டுபோனாய் என்று கேட்பாய். ஒன்றே ஒன்று. தோற்கிற முறை.

கெண்டோவில் மூங்கில் ஆட்டம் தவிர மரவாளில் செய்யும் கட்டாக்களும் உண்டு, முன்கூட்டியே வகுத்த அடிவரிசைகள். 1912இல் வகுத்த பத்து. ஏழு நீள வாளுக்கு, மூன்றில் ஒருவர் குட்டை வாள் பிடிப்பார். இருவர் எதிரெதிரே நின்று செய்வது. முதலில் அடிப்பவர் உச்சிதாச்சி, பதிலடி கொடுத்து ஜெயிப்பவர் ஷிதாச்சி. இதில் உச்சிதாச்சி வேடம் பெரியவருக்கு. அதாவது, தோற்பது வாத்தியார். பத்திலும் தோற்பார், ஒவ்வொரு நாளும் தோற்பார்.

நகோயா வாத்தியாருக்கு எழுபது தாண்டியிருந்தது. முதல் கட்டாவில் இருவரும் வாளைத் தலைக்கு மேல் தூக்கி நிற்போம். அவர் என் உச்சியைப் பிளக்க வெட்டுவார், நான் பின்வாங்கி அதைக் காற்றில் விழவைத்து, அவர் வாள் கீழே போன நேரத்தில் அவர் தலைக்கு வெட்டவேண்டும். ஆரம்பத்தில் நாடக ஒத்திகை மாதிரி இதென்ன என்று எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஒரு நாள் அசிரத்தையாக நின்றேன். மரவாள் என் நெற்றிக்கு ஒரு விரல்கடை மேலே வந்து நின்றது. கிழவர் நிறுத்தியதால் நின்றது, நான் விலகியதால் இல்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை, திரும்பவும் வாளைத் தூக்கினார். அன்றைக்குத்தான் பிடிபட்டது: தூரம், வேகம், அடியின் உண்மை எல்லாம் தோற்பவர் கையில். நான் வளர வளர அவர் தூரத்தைச் சுருக்கினார், வேகத்தைக் கூட்டினார். நான் ஜெயிக்கக்கூடிய, ஆனால் கொஞ்சம் சிரமப்பட்டே ஜெயிக்கக்கூடிய அடியை ஒவ்வொரு நாளும் அளந்து கொடுத்தார். அடிக்கத் தெரிந்தவர் ஆயிரம் பேர் கிடைப்பார்கள். அளந்து தோற்கத் தெரிந்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இங்கே எங்கள் கூடத்தில் நடந்தது இதற்குத் தலைகீழ். ஜோடிப் பயிற்சியில் புதியவனை "நீ அடி" என்பார்கள். அவனுக்கு அடிக்கத் தெரியாது. எட்டாத தூரத்தில் நின்று, பயந்து, அரை மனசாக வாளை ஆட்டுவான். பழையவர் அதை எடுத்து அழகாக ஒரு வித்தை காட்டுவார். இருவரும் எதுவும் கற்கவில்லை. பிறகு முகமூடி மாட்டிக்கொண்டு நிஜமாக மோதவிட்டால், இருவரும் ஒரே நேரத்தில் ஒருவர் தலையை ஒருவர் அடித்துக்கொள்வார்கள். கூரான வாளாக இருந்தால் இரண்டு பிணம். இந்த 'இரட்டை அடி'தான் இந்தக் கலையைப் பழகுகிற எல்லாக் கூடங்களுக்கும் பெரிய தலைவலி. நிஜமான அடி வந்தால் முதலில் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவேண்டும் என்பது உடம்புக்கு ஏறவே இல்லை. ஏறாது, நிஜமான அடியை அவர்களுக்கு யாரும் கொடுக்கவே இல்லையே.

அதனால் மாற்றினேன். அடிக்கிற, தோற்கிற பக்கம் பழையவர்களுக்கு. இதற்கு ஜப்பானியக் கட்டாவை இறக்குமதி செய்யவில்லை. லீக்டெனாவர் மரபிலேயே 'நாக்ரைசன்' என்று ஒரு பாடம் உண்டு, பின்தொடர்ந்து போதல். அவன் மேலிருந்து நீட்டி வெட்டுகிறான், அது உன்னை எட்டாதபடி பார்த்துக்கொள், அவன் வாள் தரையை நோக்கிப் போகும்போது, மேலே வருமுன் பாய்ந்து தலையில் அடி. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, நகோயாவின் முதல் கட்டாவேதான்! யாரும் யாரிடமும் வாங்கியதில்லை. தலைக்கு மேல் தூக்கிய வாள் தவறினால் கீழேதான் போகும். அது எந்த நாட்டு வாளுக்கும் பொது.

எல்லாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆறடி மூன்றங்குல ஆசாமி ஒருவர், பன்னிரண்டு வருஷம் பழகியவர். புதுப் பையனிடம் தோற்கவேண்டும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கடைசி நொடியில் வேகத்தைக் கூட்டி அடித்துவிட்டு "மன்னிக்கவும், கை போய்விட்டது" என்பார். என் கட்டைவிரலும் அப்படிப் போன கைக்குத்தான் பலி. அவருடைய இந்த முரண்டு மூன்று மாதம் இழுத்தது. அப்புறம் ஒரு நாள் பார்த்தேன், நர்ஸ் பெண்ணுக்கு அவர் அடி கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் தவறும்போதெல்லாம் அரை அடி தள்ளி நின்றார், பிடித்துக்கொண்டதும் மறுபடி நெருங்கினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போது கூடத்திலேயே நல்ல உச்சிதாச்சி அவர்தான், அந்த வார்த்தை அவருக்குத் தெரியாது.

வார்த்தைகளை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். குனிந்து வணங்குவதையும் கண்மூடி உட்கார்வதையும் நான் கொண்டுவரவில்லை. இங்கே அது வேஷமாகிவிடும். அடித்த பிறகும் விழிப்பைத் தளர்த்தாதே என்பதற்கு 'ஸான்ஷின்' என்று மட்டும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1570இல் யோவாகிம் மேயர் அச்சிட்ட நூலில் சண்டையை நெருங்குதல், கைவேலை, விலகுதல் என்று மூன்றாகப் பிரித்திருப்பதைப் பார்த்தோம். விலகுதல் 'அப்ட்சூக்'. அடித்ததோடு வேலை முடியவில்லை, அடிபடாமல் வெளியே வந்தால்தான் முடிந்தது. அவர்கள் ஊர் வார்த்தையே இருக்கும்போது கடன் எதற்கு?

ஒரு வேடிக்கை. இந்தக் கலவையில் நான்தான் முன்னோடி என்று நினைத்திருந்தேன். 1900 வாக்கிலேயே லண்டனில் பார்ட்டன்-ரைட் என்பவர் நடத்திய கூடத்தில் ஜப்பானிய ஜுஜுட்சு ஆசான்களும், பழைய ஐரோப்பிய வாள்வீச்சு கற்பித்த கேப்டன் ஆல்பிரட் ஹட்டனும் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறார்கள். பார்ட்டன்-ரைட் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு வந்த எஞ்சினியர். பிறந்தது எங்கே தெரியுமா, பெங்களூர். கூடம் நான்கைந்து வருஷம்கூடத் தாங்கவில்லை. என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை.

கட்டாவிலும் ஆபத்து உண்டு. அடுத்தது என்ன என்று தெரிந்துவிட்டால் அது நடனமாகிவிடும். ஜப்பானிலும் அப்படிப்பட்ட கட்டாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் இப்போது பழையவர்களிடம், பத்தில் ஒரு தடவை அடிக்காமல் சும்மா நில்லுங்கள், அல்லது வேறு பக்கம் அடியுங்கள் என்று காதில் சொல்லி வைத்திருக்கிறேன். நீகூட முன்பு ஒரு தடவை, சிஷ்யன் வாசிக்கும்போது வேண்டுமென்றே தாளத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுவேன், அவன் என் கையைப் பார்க்கிறானா, தன் காலப்பிரமாணத்தில் நிற்கிறானா என்று சோதிப்பேன் என்றாயே. அதை எந்தக் கட்டத்தில் ஆரம்பிப்பாய்? ரொம்பச் சீக்கிரம் செய்தால் பையன் உடைந்துபோக மாட்டானா? இதற்கு மட்டும் விவரமாக எழுது.

செவ்வாய்க்கிழமை பதினாறு வயதுப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்கிறான். முதல் மாதம் அவனிடம் தோற்கப்போவது நான்தான். அதற்குள் கையுறையின் கட்டைவிரலைப் பிரித்துத் தடிமனாகப் பஞ்சு வைத்துத் தைக்கவேண்டும். ஊசி எங்கே இருக்கிறது என்று இனிமேல்தான் கேட்கவேண்டும். முழங்காலைக் காட்டு.

உன்,
பழைய அறைத் தோழன்