330 டிகிரி

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மற்றதை மாமா சொல்லியிருப்பார்.

நீ அந்தப் பாலைவனத்துக்குப் போனதிலிருந்து எனக்கு 'லேடி பி குட்' என்ற விமானத்தின் நினைப்பாகவே இருக்கிறது. உன்னைப் போல எண்ணெய் தேடிப் போனவர்கள்தான் 1958-இல் அதை லிபிய மணலில் வானிலிருந்து பார்த்தார்கள். உன் வேலையைப் பற்றிக் கேட்பவர்களிடம் இதைத்தான் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அவர்களும் வாரம் ஒருமுறை வீட்டுக்குப் பேசியிருப்பார்கள்.

அது அமெரிக்க பி-24 குண்டுவீச்சு விமானம். 1943 ஏப்ரல் 4 அன்று லிபியாவின் சொலூக் தளத்திலிருந்து இத்தாலியின் நேபிள்ஸ் துறைமுகத்தைத் தாக்கப் போனது. ஒன்பது பேர். இருட்டிவிட்டதால் இலக்கைத் தாக்காமல் திரும்பினார்கள். நள்ளிரவு தாண்டி விமானி ஹாட்டன், தன் திசைகாட்டும் கருவி வேலை செய்யவில்லை, திசை சொல்லுங்கள் என்று ரேடியோவில் கேட்டார். லிபியக் கரையில் இருந்த பெனினா ரேடியோ நிலையம் 330 டிகிரி, அதாவது வடமேற்கு, என்றது.

நிலையத்தில் திசை அளப்பது லூப் என்னும் வளைய ஆன்டெனா. அதைச் சுற்றிக்கொண்டே வந்தால் சிக்னல் இரண்டு இடத்தில் அடங்கும், ஒன்றுக்கொன்று நேர் எதிரே. கூடவே ஒரு சென்ஸ் ஆன்டெனா இருந்தால்தான் எந்தப் பக்கம் என்று பிரியும். அது இல்லாத லூப்புக்கு 330-ம் அதற்கு நேர் எதிரான 150-ம் ஒன்றுதான். விமானம் வடமேற்கே கடல் மேல் வருகிறது என்று நிலையத்தில் நினைத்தார்கள். அது தளத்தை ஏற்கெனவே தாண்டித் தென்கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

நேராகப் பறக்கிறவரை எத்தனை முறை கேட்டாலும் அதே 330-தான் வரும். பக்கவாட்டில் திரும்பி 060 டிகிரியில், அதாவது வடகிழக்கே, கொஞ்ச நேரம் பறக்கச் சொல்லி மறுபடி அளந்திருக்க வேண்டும். 335 ஆனால் கடல் பக்கம். 325 ஆனால் பாலைவனப் பக்கம். அவ்வளவுதான், சில நிமிட வேலை.

இரவு இரண்டு மணி வாக்கில் எரிபொருள் தீர்ந்து எல்லோரும் குதித்தார்கள். எட்டுப் பேர் ஒன்று சேர்ந்தார்கள். ஒன்பதாவது ஆள் வொராவ்காவின் பாராசூட் சரியாக விரியவில்லை. ஆளில்லாத விமானம் தானாகவே சறுக்கித் தெற்கே 26 கிலோமீட்டரில் வயிறு தேய இறங்கி நின்றது. தண்ணீர், சாப்பாடு எல்லாம் அதில் இருந்தது. 16 வருடம் கழித்து எடுத்த ரேடியோகூட வேலை செய்தது. இவர்களோ கடல் பக்கத்தில்தான் என்று நம்பி வடமேற்கே நடந்தார்கள். எட்டுப் பேருக்கும் அரைக் குடுவைத் தண்ணீர், ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு மூடி அளவு. துணை விமானி டோனரின் நாட்குறிப்பு ஏப்ரல் 12 வரை போகிறது. ஐந்து பேர் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து விழுந்த இடம் 1960-இல்தான் தெரிந்தது. இவர்களைத் தேடியவர்கள் கடலில் தேடினார்கள்.

அதனால் சொல்கிறேன், வண்டி மணலில் சிக்கினால் வண்டியை விட்டுப் போகாதே. புறப்படும்போது எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று முகாமில் எழுதிக் கொடு. தண்ணீர் கேனைப் பின்பக்கம் கட்டி வை. வண்டியை விட்டு மட்டும் போகாதே.

பொங்கலன்று நீ "அப்பா, இங்கே ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாய். நான் விடவில்லை. பத்திரத் தேதி, வங்கித் தவணை, இப்படிச் செய் அப்படிச் செய் என்று நாலு நிமிடமும் நானே பேசி வைத்துவிட்டேன். பையனுக்குக் கோபம் என்று இத்தனை நாள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ என்ன நிலையில் நின்று பேசினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருடம் அந்தக் கருவிகளோடு இருந்தவனுக்கு அது தோன்றியிருக்க வேண்டும்.

பத்திரம் கிடக்கட்டும். வெள்ளிக்கிழமை உனக்கு விடுமுறைதானே, அன்று முழுக்க வீட்டில்தான் இருப்பேன். அந்த விஷயத்தைச் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன்.

வண்டியை விட்டுப் போகாதே.

அன்புடன்,
அப்பா