சுரங்கத்தைக் காட்டச் சுரங்கத் தொழிலாளி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றுலாத் தலங்களாக மாற்றி, நீர் தேங்கிய குழிகளில் படகு விட்டு, வாயில்களில் வண்ண விளக்குகளைப் பொருத்தினால் மக்கள் திரளாக வருவார்கள் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்தார். அந்த யோசனையில் பாதியை நான் ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க இயலாததற்குக் காரணம், நான் நேரில் இறங்கிப் பார்த்த ஒரு சுரங்கம்.

பிரிட்டனில் வேலை பார்க்கும் என் மகன், தெற்கு வேல்ஸில் பிளேனாவன் என்னும் சிற்றூரில் இருக்கும் ‘பிக் பிட்’ சுரங்கத்துக்கு எங்களை அழைத்துச் சென்றான். நிலக்கரி வண்டிகள் இரண்டு அருகருகே ஏறி இறங்கும் அளவுக்கு அகலமாக வெட்டியதால் ‘பெரிய குழி’ என்று பெயர் பெற்ற சுரங்கம் அது. 1923-இல் 1,300-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். 1980 பிப்ரவரியில் மூடப்பட்ட அதை, மூன்றே ஆண்டுகளில், 1983-இல், பார்வையாளர்களுக்காகத் திறந்துவிட்டார்கள். சுற்றியுள்ள தொழில் நிலப்பரப்பு முழுவதையும் 2000-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. (வேட்டியோடு வரக்கூடாது என்று மகன் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஓய்வு பெற்ற பிறகு தொடாத கால்சட்டையை அன்று அணிய வேண்டியதாயிற்று.)

இறங்குமுன் கைக்கடிகாரம், கைப்பேசி, தீப்பெட்டி, மகனின் கார்ச் சாவி உட்பட மின்கலமோ தீப்பொறியோ தொடர்புள்ள எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். நிலக்கரிப் படுகையிலிருந்து கசியும் மீத்தேன் காற்றில் ஐந்து முதல் பதினைந்து விழுக்காடு வரை கலந்துவிட்டால் சிறு பொறியே போதும். அதே தெற்கு வேல்ஸில், செங்கனித் என்ற ஊரில், 1913 அக்டோபர் 14-ஆம் நாள் நேர்ந்த வெடிப்பில் 439 சுரங்கத் தொழிலாளர்கள் மடிந்தார்கள். ஆகவே அது சுற்றுலாப் பயணிகளை மிரட்டுவதற்காக வைத்த சடங்கு அன்று. தலைவிளக்கு, அதற்கான மின்கலம், ஆபத்தில் மூச்சுவிட உதவும் கருவி ஆகியவற்றை இடுப்பில் கட்டிக்கொண்டபோது ஏறத்தாழ ஐந்து கிலோ கூடியது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லாத சிறுவர்களை இறக்குவதில்லை என்பதால் இளைய பேத்தி மேலேயே நின்றுவிட்டாள்.

கூண்டு எங்களை 90 மீட்டர் ஆழத்தில் இறக்கியது. கீழே எங்களை நடத்திச் சென்றவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. எல்லோருடைய விளக்குகளையும் அணைக்கச் சொன்ன அவர், இருட்டில் என் பேரனின் கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, வண்டி வரும் ஓசை கேட்டால் இழுக்கச் சொன்னார். காற்று குறுக்கு வழியில் ஓடிவிடாமல் நிலக்கரி வெட்டும் இடம் வரை செல்வதற்காகச் சுரங்கப் பாதைகளில் கதவுகள் இருந்தன; 1842-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கும்வரை பத்து வயதுக்கும் குறைந்த குழந்தைகள், வண்டி வரும்போது கயிற்றை இழுத்துத் திறந்துவிடுவதற்காக, அந்தக் கதவுகளருகே நாள் முழுவதும் இருளில் உட்கார்ந்திருந்தார்கள். இதை ஒரு பலகையில் எழுதி வைத்திருந்தால் நான் படித்துவிட்டு நகர்ந்திருப்பேன். நிலத்தடியில் வேலை பார்த்த மனிதர் தம் குரலில் சொல்லும்போது பேரன் அந்தக் கயிற்றை விடவே இல்லை. நிலக்கரி வண்டிகளை இழுத்த குதிரைகள் கட்டப்பட்டிருந்த லாயத்தில் ஒவ்வொரு குதிரையின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். பித்தளை வில்லைகளைப் பற்றியும் கேட்டேன். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த வில்லை உண்டு. வேலை முறை (ஷிப்ட்) முடிந்து எந்த எண் திரும்பவில்லையோ, அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று விளக்கறையில் இருப்பவர் அறிவார்.

அந்த வில்லையைப் பற்றிக் கேட்டதும் என் நினைவு பிளேனாவனில் இல்லை, கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டது. நம் மாநிலத்துச் சுரங்கம் என்றால் நெய்வேலிதான் பலருக்கு நினைவுக்கு வரும். அது பழுப்பு நிலக்கரியைத் திறந்தவெளியில் வெட்டி எடுக்கும் இடம், கூண்டில் இறங்கும் வேலை அங்கே இல்லை. கூண்டில் இறங்கிய அனுபவம் நம் வட்டாரத்துக்குக் கோலார் தங்கவயல் வழியாக வந்தது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே காலூன்றிய பிறகு வட ஆர்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பெருந்தொகையான தமிழர்கள் சென்றார்கள். தருமபுரி 1965-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும்தான் தனி மாவட்டங்களாயின என்பதால், பழைய ஏடுகளில் ‘சேலம்’ என்று எழுதப்பட்டவர்களில் எத்தனை பேர் நம் ஊர்க்காரர்கள் என்று பிரித்தறிய முடியாமல் போய்விட்டது. பிக் பிட்டின் 90 மீட்டர் எங்கே, தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் எட்டிய 3,200 மீட்டர் எங்கே! என் தாய்மாமன் அங்கே வேலை பார்த்தவர். கீழே பாறையில் கைவைக்க முடியாத சூடு என்றும், உள்ளே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் பாத்திரங்கள் உருளும் என்றும் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்னவற்றை ஒரு தாளில்கூட நான் எழுதி வைக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராக இருந்தவன் இதை ஒப்புக்கொள்ள வெட்கப்பட வேண்டும்.

தங்கவயல் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் நாள் மூடப்பட்டன. நீரிறைப்பது நின்றபின் நிலத்தடிப் பாதைகளில் நீர் ஏறிவிட்டது. இனி அங்கே யாரையும் இறக்கிக் காட்டுவது எளிதன்று. கடைசி முறையில் இறங்கிய இளைஞர்கள் இன்று ஐம்பதைத் தொட்டோ கடந்தோ இருப்பார்கள், மற்றவர்கள் முதியவர்கள். வேல்ஸில் மூன்று ஆண்டுகளில் செய்ததை இங்கே ஒரு தலைமுறைக் காலம் போயும் செய்யவில்லை. ராணிகஞ்சில் 1774-இலேயே நிலக்கரி தோண்டத் தொடங்கிய நாடு இது. மூடிய சுரங்கத்துக்கு நம்மிடம் பஞ்சமில்லை. அவற்றைத் திறந்து காட்டட்டும், கட்டணமும் வாங்கட்டும். ஆனால் வழிகாட்டியாக ஒப்பந்த நிறுவனத்தின் சீருடை அணிந்த இளைஞரை நிறுத்தாமல், அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்தவரைச் சம்பளம் கொடுத்து நிறுத்த வேண்டும். வண்ண விளக்கு பற்றிய யோசனையை நான் மறுப்பது இதனால்தான். சுரங்கத்தில் காட்ட வேண்டியதே அந்த இருட்டு.

தங்கவயல் கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே என்ன செய்வது என்பதைத் தமிழக அரசு தீர்மானிக்க இயலாது. ஆனால் அங்கே உழைத்துத் திரும்பியவர்கள் பர்கூர், காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை, அரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருந்தால், அவர்களைத் தேடிச் சென்று குரலைப் பதிவு செய்ய எந்த மாநிலத்தின் அனுமதியும் தேவையில்லை. இரு மாவட்டங்களின் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் செய்து முடிக்கக்கூடிய வேலை அது. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் நடுகற்களும் பழம்பொருள்களும் இருக்கும் கூடத்தில், சுரங்கத்துக்குப் போன நம்மவர்களுக்காகவும் ஒரு பெட்டி ஒதுக்கினால் போதும்.

என் மாமன் விட்டுச் சென்ற பித்தளை வில்லை எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. எண் தேய்ந்திருந்தாலும் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் படிக்க முடிகிறது. அருங்காட்சியகத்தார் கேட்டால் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்,
பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.