சாக்பீஸ் டப்பா அட்டையில் ஒட்டி வந்த மெமரி கார்டு

ஆசிரிய நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

என் லேப்டாப்போடு, உங்களுக்காக நான் எடுத்த செய்முறை வீடியோக்களும் போய்விட்டன என்பது உங்களுக்குத் தெரியும். அதைத் திரும்பச் சொல்ல மனமில்லை. நேற்று ராத்திரி கடைசி வீடியோவையும் திறந்து பார்த்தேன். ஓடுகிறது. அந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது கூகுள் மீட்டில் எப்படிச் சேர்வது என்று ஒரு டீச்சர் போனில் கேட்டார். வாயால் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. சரி என்று என் போன் திரையையே பதிவுசெய்து அனுப்பினேன். வாட்ஸப்பில் அப்போது 16 எம்பிக்கு மேல் வீடியோ போகாது. அதனால் ஒரு வீடியோவுக்கு ஒரே வேலை, அதுவும் மூன்று நிமிடத்துக்குள். அப்புறம் கூகுள் படிவம், எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளம்), செயலியில் வருகைப்பதிவு என்று நூறைத் தாண்டிவிட்டது.

"பழைய வீடியோ யாரிடமாவது இருக்கிறதா?" என்று குழுவில் கேட்டபோது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. போன் நிரம்பினால் எல்லோரும் முதலில் அழிப்பது வீடியோவைத்தானே.

ஒன்பதாம் நாள் ஒரு தபால் வந்தது. சாக்பீஸ் டப்பாவை வெட்டிய அட்டையில் செல்லோடேப் போட்டு ஒட்டிய மெமரி கார்டு. கூடவே கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த நான்கு தாள்கள். அனுப்பியவர் ஜவ்வாது மலையில் ஓர் ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியை. நான் அவரைப் பார்த்ததில்லை. குழுவில் அவர் ஒரு வார்த்தை பேசியதாகவும் நினைவில்லை.

"இங்கே டவர் கிடைக்காது சார். போளூருக்கு இறங்கும்போதெல்லாம் டவுன்லோடு செய்து கார்டில் போட்டு வைத்துக்கொள்வேன். 93 இருக்கிறது" என்று எழுதியிருந்தார்.

அந்தத் தாள்களில் 93-க்கும் வரிசை எண் போட்டுக் குறிப்பு. 17: "இதைப் பார்த்து யார் உதவியும் இல்லாமல் செய்தேன்." 48: "இது இப்போது மாறிவிட்டது, பொத்தான் மேலே போய்விட்டது." 31: "'இங்கே தொடுங்கள்' என்கிறீர்கள். எங்கே என்று தெரியவில்லை. ஐந்து முறை பார்த்தேன்."

அந்த 31-லேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். பதிவு செய்யும்போது என் விரல் எனக்குத் தெரிகிறது, பார்ப்பவருக்குத் தெரிவது வெறும் திரைதான். ஆண்ட்ராய்டு போன் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைந்திருக்கும் பகுதி திறக்கும். அதில் 'ஷோ டாப்ஸ்' போட்டுவிட்டால் விரல் படும் இடத்திலெல்லாம் ஒரு சின்ன வட்டம் தோன்றும். ஒரு நிமிட வேலை. நான் அதைச் செய்யாததால் மலைமேல் ஒருவர் ஐந்து முறை பார்த்திருக்கிறார். அப்படியும் அந்த வீடியோவை அவர் அழிக்கவில்லை.

மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. ஹார்டு டிஸ்க்கை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி போராடி, காசு வாங்க மறுத்த தம்பிக்கு. பழைய போனைத் தேடி எடுத்து சார்ஜ் போட்டு, இருந்ததை அனுப்பிய டீச்சர்களுக்கும் சார்களுக்கும். "மறுபடி எடுத்துக்கலாம் சார், நாங்க இருக்கோம்" என்று போன் செய்தவர்களுக்கு. உங்களில் யாரையும் மறக்க மாட்டேன்.

இனி ஒவ்வொரு வீடியோவும் மூன்று இடத்தில் இருக்கும். 'இங்கே', 'அங்கே' என்று சொல்லாமல் பொத்தானின் பெயரைச் சொல்லுவேன். 31-ஐ நேற்றே புதிதாக எடுத்துவிட்டேன், வட்டத்தோடு. 48 இந்த ஞாயிற்றுக்கிழமை.

டீச்சரம்மா, பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு வந்த கிண்ணத்தை என் அம்மா ஒருநாளும் கழுவி வெறுமனே திருப்பிக் கொடுத்ததில்லை. கார்டு அடுத்த வாரம் தபாலில் வரும். 94-லிருந்து புதியவை.