வைக்கோலைப் பற்றியும் கூட்டத்தில் பேசுவோம்

மட்டக்களப்பு மாவட்ட அரசாங்க அதிபர் அவர்களுக்கும் கமக்காரர் அமைப்புகளின் தலைவர்மாருக்கும்,

வணக்கம். போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பின் கடைசித் திகதி, மாடுகளை வட்டையை (வயல்வெளியை) விட்டு அப்புறப்படுத்தும் நாள் எல்லாம் தீர்மானிக்கிறோம். வெட்டு முடிந்து வயலில் கிடக்கப்போகிற வைக்கோலைப் பற்றி ஒரு வரி பேசுவதில்லை. கடைசியில் அதற்குத் தீ வைக்கிறோம்.

விவசாயியைக் குறைசொல்லிப் பயனில்லை. களவெட்டியில் மாடு விட்டுச் சூடு மிதித்து நெல்லைப் பிரித்தெடுத்த காலத்தில் வைக்கோல் ஓரிடத்தில் சேர்ந்தது. மாட்டுக்கென்று போர் வைத்தோம். இப்போது வெட்டு மெசின் அதை வயல் முழுக்கப் போட்டுவிட்டுப் போகிறது. கூட்டி அள்ளக் கூலி கட்டாது, உழவுக்கும் அவசரம்.

ஆனால் எரிவது சாதாரணப் பொருளல்ல. நெல் எவ்வளவு விளைகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு வைக்கோலும் விளைகிறது. ஒரு தொன் வைக்கோலில் ஏறத்தாழ 5 முதல் 8 கிலோ நைதரசனும் 12 முதல் 17 கிலோ பொட்டாசியமும் இருக்கின்றன. எரித்தால் நைதரசன் அநேகமாக முழுதும் புகையோடு போய்விடும். பொட்டாசியம் சாம்பலில் தங்கும். காற்றும் மழையும் கொண்டுபோன மிச்சம்தான் வயலுக்கு. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. அப்படியிருந்தும் கையிலிருக்கும் பசளையை எரித்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொரு பக்கம் மாடுகள். ஆடி, ஆவணி வெயிலில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் மேய்ச்சல் தரைகள் காய்ந்து, பால் மாடுகள் எலும்பெடுத்து நிற்கின்றன. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் இரண்டு மூன்று கிழமை மூடிவைத்தால் வைக்கோல் இளகும், மாட்டுக்கு நன்றாகச் செரிக்கும். அளவு தவறினால் யூரியா மாட்டையே கொன்றுவிடும். ஆகவே கால்நடை வைத்தியர்கள் ஊர் ஊராக வந்து செய்து காட்ட வேண்டும்.

வைக்கோலைக் காசாக்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. 1950களில் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலில்தான் கூழ் எடுத்தது. இன்று அத்தனை பெரிய ஆலை தேவையில்லை. சிப்பிக் காளான் வளர்க்க ஒரு கொட்டிலும் நறுக்கி அவித்த வைக்கோலும் போதும், பெண்கள் வீட்டோடு செய்யலாம். அரிசி ஆலைகளில் குவியும் உமியையும் கரியாக்கி நாற்று மேடைக்கும் தோட்டத்துக்கும் போடலாம். ஆனால் முதல் வேலை வைக்கோல்தான், வயல் வயலாக எரிவது அதுவே.

அடுத்த ஆரம்பக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் வைக்கோலைச் சேருங்கள். முதல் உழவுக்கும் விதைப்புக்கும் இடையில் இரண்டு மூன்று கிழமை கிடைக்கும்படி தண்ணீர் திறக்கும் நாளை வையுங்கள், மடித்து உழுத வைக்கோல் மண்ணில் மக்கட்டும். கமநல சேவை நிலையங்களூடாக வைக்கோல் கட்டும் மெசினை வாடகைக்குத் தாருங்கள். எந்த வட்டையில் எவ்வளவு மிஞ்சும் என்று வட்டைகளைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானைமார் சொன்னால் பால் பண்ணையாளர் சங்கங்கள் வந்து ஏற்றிக்கொள்ளும். இவை நடந்த பிறகு எரிப்பதைத் தடைசெய்யுங்கள். அதற்கு முன்னர் தடை போட்டால் தண்டப்பணம் கட்டுவது ஏழைக் கமக்காரன்தான்.

இப்படிக்கு,
படுவான்கரைக் கமக்காரன் ஒருவன்