அந்தக் கட்டைகள் எந்தக் கரையில் இருக்கின்றன?

அன்புள்ள பாப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்ததைப் போனிலேயே சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர் சரியாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம். மற்றதெல்லாம் வழக்கம்போல்தான்.

முதலில் ஒன்று. அந்த மலைப்பாதையில் இனிமேல் தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு போகாதே. ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம், நீயோ ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எனக்கு எரிமலையைக் காட்டுகிறாய். என் உயிர் என்னிடம் இல்லை.

அமெரிக்காவில் நீ காட்டிய அந்தச் செயின்ட் ஹெலன்ஸ் எரிமலையின் கதையை அப்பாவிடம் நீ சொன்னபடியே ஒப்பித்தேன். 1980 மே 18, காலை 8.32க்கு மலையின் வடக்குப் பக்கம் அப்படியே சரிந்தது, 57 பேர் போனார்கள், மலையே 400 மீட்டர் குட்டையாகிவிட்டது என்று. மகளுக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று அவருக்குப் பெருமை. மலையடியில் ஸ்பிரிட் ஏரிக்கரையில் லாட்ஜ் வைத்திருந்த 83 வயது ஹாரி ட்ரூமன், யார் சொல்லியும் கிளம்பாமல் அங்கேயே உட்கார்ந்து செத்துப்போனதைச் சொன்னதும், "மனுஷன்னா அப்படி இருக்கணும்" என்றார். அவர் வேறென்ன சொல்வார்.

எனக்குத்தான் கண்ணை மூடினால் அந்த ஏரி வந்து நிற்கிறது. ஹார்மனி பாதையில் இறங்கிக் கரைக்கு வந்தபோது எவ்வளவு அமைதி! மலை சரிந்து விழுந்த வேகத்தில் ஏரித் தண்ணீர் எதிர்ச்சரிவில் ஏறி, திரும்பும்போது காட்டையே வாரிக்கொண்டு வந்ததாமே. அந்த மரங்கள் நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் மிதக்கின்றன, பட்டை உரிந்து, எலும்பாக வெளுத்து. நாம் போனபோது அக்கரையோரம் கிடந்தன. நீ ஒரு நுரைக்கல்லைத் தண்ணீரில் விட்டுக் காட்டினாய், அது மூழ்காமல் ஆடி ஆடிப் போனது. நிமிர்ந்து பார்த்தால் காற்று திரும்பி, கட்டைகள் கூட்டமாக நம் பக்கம் வந்துகொண்டிருந்தன. நான் ஒரு கல்லைக் கைப்பையில் போடப்போக, "இங்கேர்ந்து எதையும் எடுக்கக் கூடாதும்மா" என்று சிரித்தாய். மூன்று வாரத்தில் நீ சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏரிக்கு வடிகால் அடைத்துப்போய்த் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததாம். அணைத்து நின்ற மண் உடைந்தால் கீழே இருக்கிற ஊர்கள் தாங்காது என்று மலையைக் குடைந்து 2.5 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கம் வெட்டி, 1985இல் தண்ணீரை வெளியே விட்டார்களாம். இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாய். பிறகு வண்டி வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

மாப்பிள்ளை வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்றாய். மூன்று வாரமுமா? வாசல் ஸ்டாண்டில் உன் செருப்புகள் மட்டும்தான் இருந்தன. நான் கேட்கவில்லை. ஏர்போர்ட்டில்கூட நேரத்துக்குச் சாப்பிடு, மெதுவாக ஓட்டு என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். நீயும்தான் சொல்லவில்லை. படித்தவள், சம்பாதிக்கிறவள், பெற்றவளிடம் சொல்ல ஒரு வார்த்தைக்கா பஞ்சம்?

இப்படி எழுதிவிட்டு, இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி கூப்பிட்டு, "அம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாயே. "அப்பா பக்கத்துல இருக்கார், அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டேன். அப்பா அன்றைக்குத் தூங்கிவிட்டிருந்தார், பாப்பா. நீ என்ன சொல்லப்போகிறாய் என்று உன் குரலிலேயே தெரிந்தது. காதில் வாங்கிவிட்டால் நான் ஏதாவது செய்தாக வேண்டும், அந்தப் பயம். மறுநாள் நானே கூப்பிட்டு என்னென்னவோ பேசினேன், அதை மட்டும் எடுக்கவில்லை. சித்தி விஷயத்திலும் இதையேதான் செய்தேன். உனக்குத் தெரியும்.

அப்பா காலை ஆறு மணிக்கு நடக்கப் போனால் திரும்ப ஏழரை ஆகும். உனக்கு அப்போது முந்தின நாள் சாயங்காலம். போன் என் கையிலேயே இருக்கும்.

மலைப்பக்கம் மட்டும் தனியாகப் போகாதே.

அம்மா